விஞ்ஞான ஆசிரியர் மயில்வாகனனார்

எங்கள் காலத்தில் ஆண்டுதோறும் ஜூலை 19ஆம் திகதி காலைக் கூட்டத்தில் விபுலாநந்த அடிகளை நினைவுகூருவோம். காவியுடையில் அவர் வீற்றிருக்கும் படத்துக்கு மாலை போடுவோம். அவர் இயற்றிய பாடலொன்றைச் சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் பாடுவார்கள். முத்தமிழ் வித்தகர், யாழ்நூல் தந்தவர், முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று ஒருத்தி மனப்பாடம் செய்த பேச்சை ஒப்புவிப்பாள். மணி அடித்ததும் வரிசையாக வகுப்புக்குப் போவோம். விஞ்ஞானப் பிரிவில் இருந்த எங்களுக்கு முதற்பாடம் பௌதிகவியல். கீழே மாலை போட்ட படத்துக்கும் மேலே கரும்பலகையில் எழுதியிருந்த நியூற்றனின் இயக்க விதிகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, 1990களில் ஒன்றாக உயர்தரம் படித்து இன்று நாலு திசையிலும் இருக்கும் நாங்கள் தொலைபேசியில் கலந்து பேசினோம். அடிகளாரைத் துறவியாகவும் புலவராகவும் இசை ஆய்வாளராகவும் எழுதியவர்கள் பலர். நாங்கள் எழுத விரும்பியது காவி உடுப்பதற்கு முன் வெள்ளை வேட்டியுடன் கரும்பலகை முன் நின்ற விஞ்ஞான ஆசிரியரைப் பற்றி. எங்களில் எழுத நேரம் கிடைத்தவள் நான் என்பதால் பேனை என் கையில் இருக்கிறது. சொல்வது நாங்கள் எல்லோருந்தான்.

காரைதீவுப் பிள்ளை

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தவர் மயில்வாகனம். கல்முனைக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாகக் கிடக்கும் ஊர் அது. இன்று அம்பாறை மாவட்டத்தில் சேர்ந்திருந்தாலும் அன்று மட்டக்களப்பின் தென்பகுதிதான். ஊரில் தமிழும் வடமொழியும் கற்றார். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படித்தார். பிறகு மட்டக்களப்பு நகருக்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே யேசு சபைக் குருமார் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கற்பித்தார்கள். 1908ஆம் ஆண்டில், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார்.

அந்தக் காலத்தில் கல்முனைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இந்தப் பரீட்சை எழுதுவதே பெரிய காரியம். அதை எழுதினால் அரசாங்கக் கந்தோரில் வேலை நிச்சயம். மயில்வாகனம் ஆசிரியத் தொழிலுக்குப் போனார். படித்த கல்லூரியிலேயே படிப்பித்தார். 1911ஆம் ஆண்டில் கொழும்புக்குப் போய் ஆசிரிய பயிற்சி பெற்றார். திரும்பி வந்து மீண்டும் படிப்பித்தார். பின்னர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஓராண்டில், ஒரே மனிதர், பகலில் சோதனைக்குழாயும் இரவில் சங்க நூலுமாக இரண்டு பரீட்சைக்குப் படித்திருக்கிறார். விஞ்ஞானம் படிப்பவருக்குத் தமிழ் வராது, தமிழ் படிப்பவருக்குக் கணக்கு வராது என்று எங்கள் வீடுகளில் இன்றும் சொல்லும் பேச்சு அவரிடம் எடுபடவில்லை.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். வகுப்பு முடிந்த பின் தாமாகப் படித்து 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டத்தைப் பெற்றார். ஆய்வுகூடமும் பேராசிரியர்களும் சூழ்ந்த பல்கலைக்கழகம் அன்று இலங்கையில் கிடையாது. தபாலில் வந்த பாடத்திட்டமும் தேடிச் சேர்த்த நூல்களுமே துணை. வாத்தியார் இல்லாத பாடத்துக்குப் பழைய வினாத்தாளை வைத்துப் படித்த எங்களுக்கு, இந்த ஒரு செய்தி அவருடைய பட்டங்கள் எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. அதன்பின் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

தோணிக் கம்பு

அடிகளாரின் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு கிழக்கே உள்ளது எழுவான்கரை, மேற்கே உள்ளது படுவான்கரை என்பது வாசகர்கள் அறிந்ததே. எங்கள் வகுப்பில் படுவான்கரையிலிருந்து வருபவள் ஒருத்தி இருந்தாள். விடியமுன் எழும்பி, பாதையேறி வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவாள். வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: மட்டக்களப்பில் பாதை என்றால் வழி மட்டுமல்ல, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையும் பாதைதான். பாதை ஓடாத நாளில் தோணியில் வருவாள்.

ஒருநாள் பௌதிகவியல் ரீச்சர் நியூற்றனின் மூன்றாம் விதியைப் படிப்பித்தார். ஒவ்வொரு தாக்கத்துக்கும் அதற்குச் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு. எழுதிக்கொண்டோம். அப்போது ரீச்சர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டும் சமம், இரண்டும் எதிர் என்றால் ஒன்றையொன்று அழித்துவிடுமே, பிறகு உலகத்தில் எந்தப் பொருள்தான் அசையும்? வகுப்பு முழுவதும் மௌனம். அவள் எழும்பி, தோணிக்காரர் கம்பு ஊன்றுவதைச் சொன்னாள். கம்பு வாவித் தரையைப் பின்னே தள்ளுகிறது. தரை கம்பை முன்னே தள்ளுகிறது. ஒரு தள்ளு தரையில் விழுகிறது, மற்றத் தள்ளு தோணியில் விழுகிறது. இரண்டும் இரண்டு பொருளில் விழுவதால் ஒன்றையொன்று அழிக்காது. தரை பெரிது என்பதால் அது அசைவது தெரியாது, தோணி சிறிது என்பதால் ஓடுகிறது. கரையில் குதித்து இறங்கினால் தோணி பின்னே போவதும் இதனால்தான் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

பிற்காலத்தில் பெரிய பெரிய புத்தகங்களில் இந்த விதியைப் படித்தோம். அதைவிடத் தெளிவாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மரத்தடியில் அவளைச் சுற்றி இருந்துதான் மற்ற விதிகளையும் விளங்கிக்கொண்டோம். புறவிசை ஒன்று தாக்காதவரை நிற்கும் பொருள் நின்றுகொண்டிருக்கும், ஓடும் பொருள் ஒரே கதியில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அது முதலாம் விதி. பஸ் திடீரென நிற்கும்போது நாங்கள் முன்னே சாய்வது அதனால்தான். விசை என்பது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கி வருவது. அது இரண்டாம் விதி. வெறும் தோணியையும் நெல் மூட்டை ஏற்றிய தோணியையும் ஒரே பலத்தோடு தள்ளிப் பார்த்தவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. கல்லடிப் பாலத்தில் நின்று கையிலிருந்து நழுவவிட்ட கல், முதல் ஒரு செக்கனில் ஏறத்தாழ 4.9 மீற்றர் விழுகிறது. ஒவ்வொரு செக்கனும் அதன் வேகம் செக்கனுக்கு 9.8 மீற்றர் கூடுகிறது. பெரிய கல்லோ சின்னக் கல்லோ, காற்றின் தடையைத் தள்ளிவிட்டால் கணக்கு ஒன்றுதான்.

1995இல் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. துறைகள் அடிக்கடி மூடப்பட்டன. ஒரு கிழமை வராமல் இருப்பாள், பிறகு வருவாள். பிறகு ஒரு மாதம். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டில் அவள் வருவது நின்றுபோனது.

சொல் தேடியவர்

மானிப்பாய் அதிபர் மயில்வாகனனார் 1922இல் அந்தப் பதவியை விட்டு, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். முப்பது வயது, இலண்டன் பட்டம், கைநிறையச் சம்பளம், ஊர் மதிப்பு. நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை திசை மாறியது. 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1925இல் இலங்கைக்குத் திரும்பி மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவர் பிறந்த காரைதீவில் மிஷன் பெண்கள் பாடசாலை ஒன்றையும் நடத்தியது. துறவியானதால் கற்பித்தலை விட்டவர் அல்லர். முன்பு ஒரு வகுப்புக்குக் கற்பித்தவர் பின்பு ஒரு மாவட்டத்துக்கே பள்ளிக்கூடம் தேடினார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் தமிழ்ப் பேராசிரியராவது அன்று புதுமை. ஆனால் அவருக்குள் இருந்த இரண்டு படிப்பும் ஒன்றுசேர வேண்டிய வேலை ஒன்று காத்திருந்தது. தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டுமென்றால் சொல் வேண்டும். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். இரசாயனச் சொற்களை ஆக்கிய குழுவுக்கும் அவரே தலைவர். 1938இல் அந்தச் சொற்கள் நூலாக வந்தன. இரசாயன ஆய்வுகூடத்தில் நின்று படிப்பித்த கையும் பண்டிதர் பரீட்சைக்குத் தொல்காப்பியம் படித்த கண்ணும் ஒருவருக்கே இருந்ததால் இந்த வேலை அவரைத் தேடி வந்தது.

சொல் ஆக்குவது வெறும் அகராதி வேலை என்று நினைக்கக்கூடாது. சந்தையில் நிறை என்றால் தராசு காட்டுவது. பௌதிகவியலில் அது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை. சந்திரனுக்குப் போனால் அது ஆறில் ஒரு பங்காகிவிடும். பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவோ எங்கே போனாலும் மாறாது. அதற்கு இன்னொரு சொல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பழகினால் பிள்ளை ஆயுள் முழுக்கக் குழம்பும். அடிகளார் மறைந்த பின் இலங்கையில் அரசாங்கம் அமைத்த குழுக்கள் பாடநூல்களுக்கான சொற்களைத் தொகுத்தன. இங்கே திணிவு, நிறை என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் நிறை, எடை என்று பிரித்தார்கள். எங்கள் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். எங்கள் சடத்துவம் அங்கே நிலைமம். எங்கள் மீடிறன் அங்கே அதிர்வெண். எங்கள் பௌதிகவியல் அங்கே இயற்பியல்.

எங்களில் ஒருத்தி இப்போது சென்னையில் குடியிருக்கிறாள். மகனுடைய தமிழ்ப் பாடநூலைத் திறந்து, நிறை என்று இருந்த இடத்திலெல்லாம் புவியீர்ப்பு விசையைப் போட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எல்லா விடையும் பிழை. அங்கே நிறை என்றால் இங்கே திணிவு என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு கடல்தான் இடையில், ஒரு மொழிதான் இரு கரையிலும். இரு கரைக்கும் ஒரே சொல் வேண்டும் என்ற தேவை எவ்வளவு உண்மையானது என்பது அன்று எங்களுக்கு விளங்கியது. காரைதீவில் பிறந்து சென்னை மாநாட்டில் தலைமைக் கதிரையில் இருந்தவரின் வேலை இன்னும் முடியவில்லை.

எங்களுக்குள் ஒரு மனக்குறையும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு மருத்துவ பீடத்துக்குப் போன முதல் மாதங்களில் விரிவுரை முழுவதும் ஆங்கிலம். பக்கத்தில் இருந்தவர்கள் வேகமாக எழுதினார்கள். நாங்கள் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் மூன்று வசனம் போய்விடும். விடுதிக்கு வந்து அழுத இரவுகள் உண்டு. தமிழில் படித்தது எங்கள் தலையெழுத்து என்று நொந்துகொண்டோம். ஆறு மாதம் கழித்துத்தான் உண்மை புரிந்தது. புதிதாகப் படிக்க வேண்டியிருந்தவை சொற்கள்தாம். விசை எது, இழுவை எது, அமுக்கம் எது என்ற விளக்கம் ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. அது தமிழில் வந்ததால் ஆழமாக வேரூன்றியிருந்தது. அடிகளார் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படித்தார், 1939 முதல் 1941 வரை இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தி மதங்க சூளாமணி எழுதினார். ஒரு மொழிக்காக மற்றதைக் கைவிட வேண்டும் என்ற நெருக்கடியை அவர் ஏற்கவில்லை. நாங்கள் அழுத அந்த இரவுகளில் யாராவது இவருடைய கதையை எங்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

நரம்பின் கணக்கு

யாழ்நூல் என்றால் பழம்பெருமை பேசும் இலக்கிய நூல் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தோம். பின்னாளில் கையில் எடுத்துப் பார்த்தபோது திகைத்துப்போனோம். பக்கத்துக்குப் பக்கம் பின்னங்களும் எண்களும் அட்டவணைகளும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழைப் பற்றி வரும் சில அடிகளை விளக்கப் புறப்பட்டு, பதினான்கு ஆண்டுகள் உழைத்து எழுதிய நூல் அது. யாழ் என்ற வாத்தியம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கண்ணால் கண்டவர் இல்லை, காதால் கேட்டவர் இல்லை. செய்யுளில் உள்ள சில குறிப்புகளை வைத்து அதை மீட்க வேண்டும். இலக்கியம் மட்டும் தெரிந்தவருக்கு அது இயலாது.

இதில் உள்ள பௌதிகவியலைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இழுத்துக் கட்டிய நரம்பு ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் மீடிறன். அது கூடினால் சுரம் உயரும். மீடிறனைத் தீர்மானிப்பவை மூன்று. நரம்பின் நீளம் பாதியானால் மீடிறன் இரட்டிக்கும். நரம்பு தடித்தால், அதாவது ஒரு மீற்றர் நரம்பின் திணிவு கூடினால், மீடிறன் குறையும். இழுவை கூடினால் மீடிறன் கூடும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மீடிறன் இரட்டிக்க வேண்டுமானால் இழுவையை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும்.

இதை நிறையைத் தொங்கவிட்டுச் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் இத்தாலிய இசைக்கலைஞர் வின்சென்சோ கலிலி. விழும் பொருளின் இயக்கத்தை அளந்த கலிலியோவின் தந்தை அவர். கலிலியோ இறந்தது 1642இல். பழைய இங்கிலாந்துப் பஞ்சாங்கப்படி நியூற்றன் பிறந்ததும் அதே ஆண்டில். 1687இல் நியூற்றனின் நூல் வெளிவந்தபோது விசைக்கும் இயக்கத்துக்கும் உள்ள உறவு விதியாக நிலைபெற்றது. நரம்பின் சுரமும் விழும் கல்லும் ஒரே வீட்டில் பிறந்த ஆராய்ச்சிகள். அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் எங்கள் ஊர் விஞ்ஞான ஆசிரியரும் யாழுக்குள் நுழைந்தார்.

பழந்தமிழர் ஏழு சுரங்களுக்கு இட்ட பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவே அடிப்படை. 90 சென்ரிமீற்றர் நரம்பு ஒன்று குரலை ஒலித்தால், அதே தடிப்பும் அதே இழுவையும் உள்ள 60 சென்ரிமீற்றர் நரம்பு இளியை ஒலிக்கும். 45 சென்ரிமீற்றர் நரம்பு மேல் தானத்துக் குரலை ஒலிக்கும். இளியிலிருந்து அதன் இளி, அதிலிருந்து அதன் இளி என்று பன்னிரண்டு முறை போனால் ஏழு தானம் ஏறித் தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர்வதுபோல் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு துளி கூடிவிடும். ஏழு தானத்துக்கு 128 மடங்கு வரவேண்டிய இடத்தில் 129.7 மடங்கு வரும். எந்த நாட்டு இசை நூலாரும் இந்தத் துளியை எங்கே வைப்பது என்று தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்யுள் நயத்தால் இதைத் தீர்க்க முடியாது. பின்னம் பெருக்கத் தெரியவேண்டும்.

யாழைச் செய்யும் தச்சனுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்புகள் என்று பழைய உரைகள் சொல்லும். மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. ஒவ்வொரு நரம்பையும் 5 கிலோ நிறையைத் தொங்கவிட்டதற்குச் சமமாக இழுத்துக் கட்டினோம் என்று வைத்துக்கொண்டால், பேரியாழின் மரம் 105 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். வளர்ந்த ஆள் ஒருவர் அதில் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது போல. நரம்பு மரத்தை இழுக்கிறது, மரம் நரம்பை அதே அளவு திருப்பி இழுக்கிறது. பார்ப்பவருக்கு யாழ் அசையாமல் மூலையில் சாய்ந்திருக்கும். உள்ளே இத்தனை விசை சமநிலையில் நின்றுகொண்டிருக்கும். விசை இல்லாததால் அமைதி இல்லை, விசைகள் ஒன்றையொன்று நிறுத்தி நிற்பதால் அமைதி.

வாவியில் பௌர்ணமி இரவில் கேட்கும் இசையும் அவர் மனத்தில் இருந்தது. வாவிக்குள் நீரரமகளிர் பாடுவதாகக் கற்பனை செய்து பாடல் இயற்றினார். துடுப்பை நீருக்குள் இறக்கி அதன் காம்பில் காதை வைத்துக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடுகிறது, காற்றில் 340 மீற்றர் அளவுதான். நீரில் பிறந்த ஒலி காற்றுக்குள் வரும்போது பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மரக்காம்பு அதை நேரே காதுக்குக் கொண்டுவருகிறது. தோணிக்காரருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, ஆனால் காதை எங்கே வைப்பது என்று தெரியும். அடிகளாருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

உப்போடை

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். உடல் நலிவுற்றிருந்தது. நூல் வேலை நிற்கவில்லை. 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் திகதிகளில் தஞ்சைப் பகுதியில் உள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அவற்றின் ஒலி சபையில் கேட்டது. எழுதிய எண் சரியா பிழையா என்று காது தீர்ப்புச் சொல்லும் நேரம் அது. ஆய்வுகூடத்தில் சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவன் போலத்தான் அவரும் அன்று இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆறு கிழமை கழித்து, ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, அவர் எழுப்பிய சிவாநந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்தார்கள். கல்லடிப் பாலம் கடந்து உப்போடைக்குப் போகிறவர்கள் இன்றும் அங்கே நின்று கும்பிட்டுப் போகலாம்.

எங்கள் தொழிலில் நியூற்றனைச் சந்திக்காத நாள் இல்லை. சேலைன் போத்தலைக் கையைவிட உயரத்தில் தொங்கவிடுவது புவியீர்ப்பை நம்பித்தான். தொடையெலும்பு முறிந்த பிள்ளையின் காலில் கயிறு கட்டி, கப்பி மேலாக நிறையைத் தொங்கவிட்டு இழுக்கிறோம். அந்த இழுப்புக்குப் பிள்ளை கட்டிலில் வழுக்கிக் கீழே வந்துவிடக்கூடாது. அதனால் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்துகிறோம். இப்போது பிள்ளையின் சொந்த நிறையே மறுபக்கம் இழுக்கும். இரண்டும் சமமானால் எலும்பு அசையாது, அசையாத எலும்பு பொருந்தும். ஏன் கட்டிலைச் சாய்த்திருக்கிறீர்கள் டொக்டர் என்று தாய்மார் பயந்து கேட்பார்கள். தோணியைக் காட்டித்தான் விளக்குவோம். விளங்கிக்கொண்ட தாய், நாங்கள் போன பிறகு கட்டிலை நேராக்கச் சொல்லித் தாதிமாரோடு சண்டை பிடிக்கமாட்டாள். தமிழில் விளங்கிய விஞ்ஞானத்தின் பயன் அவ்வளவு நேரடியானது.

அப்படி ஒரு தாய்க்குச் சில ஆண்டுகளுக்கு முன் விளக்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் முடிக்கமுன் அவளே முடித்துவைத்தாள். இரண்டு இழுவையும் சமம், அதனால் விளையுள் பூச்சியம் என்றாள். நிமிர்ந்து பார்த்தோம். படுவான்கரைத் தோழி. முகம் கறுத்து மெலிந்திருந்தாள். கட்டிலில் கிடந்தது அவளுடைய மகன். பரீட்சை எழுதாமல் போனதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. வாவிக்குக் குறுக்கே 2014இல் மண்முனையில் பாலம் திறந்துவிட்டார்கள், இனிப் பிள்ளைகளுக்குப் பாதை பார்த்திருக்கத் தேவையில்லை என்று மட்டும் சொன்னாள். அவளுடைய மூத்த மகள் இன்று நமது பாடசாலையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். இந்தச் செய்தியை அனைத்துப் பழைய மாணவிகளும் அறியவேண்டும் என்பதற்காகவும் இந்தக் கட்டுரையை எழுதினோம்.

அடிகளார் வீடுவீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்தும் பள்ளிக்கூடம் எழுப்பியும் செய்த வேலையில், தூரத்தாலும் வறுமையாலும் பின்தங்கிய பிள்ளைக்கே முதலிடம். நூறு வயதான நமது சங்கம் கட்டடங்களுக்குக் கொடுத்திருக்கிறது, விழாக்களுக்குக் கொடுத்திருக்கிறது. எல்லாம் நல்லதே. இனி, அக்கரையிலிருந்து வரும் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் ஒரு நிரந்தர நிதி வைக்கவேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் வகுப்பு அதற்கு முதற்பணத்தைச் சேர்த்துவிட்டது. அடுத்த ஜூலை 19 காலைக் கூட்டத்தில் பேசப்போகும் மாணவியிடம் முத்தமிழ் வித்தகர் என்பதற்கு முன்னால் விஞ்ஞான ஆசிரியர் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தபோது எங்கள் வகுப்பில் பரீட்சை எழுதியவர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. எங்களுக்கு மூன்றாம் விதியை விளக்கியவளின் பெயர் இல்லை. இந்த மலர் அச்சுக்குப் போகமுன் அதைச் சேர்க்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். உங்கள் வகுப்பிலும் இடையில் நின்றுபோனவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பெயர்களையும் அனுப்பிவையுங்கள்.